மனு ரசீது வழக்கு ஆகாது: குடும்ப வன்முறையிலும் பாலியல் வன்முறையிலும் சட்டம் தரும் பிடிமானங்கள்

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பெண்ணின் கையில் பெரும்பாலும் இருப்பது சி.எஸ்.ஆர். என்கிற மனு ரசீது. புகார் வந்து சேர்ந்தது, அதற்கு இன்ன எண் என்பதைத் தாண்டி அந்தச் சீட்டு எதையும் சொல்வதில்லை. ‘கேஸ் கொடுத்தாச்சு’ என்று வீட்டார் நம்பிக்கொண்டிருக்கும்போது, நிலையத்தில் அது ‘மனு விசாரணை’யாகவே நகர்ந்துகொண்டிருக்கும். இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று கணவனிடம் எழுதி வாங்குவார்கள். மனு முடித்துவைக்கப்படும். பிறகு அவன் மறுபடி அடித்தால், எழுதிக் கொடுத்ததை மீறினான் என்பதற்காக மட்டும் அவனைக் கைது செய்ய வழியில்லை. எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அதே வாக்குறுதி ஒரு நீதித்துறை நடுவரின் உத்தரவாக இருந்திருந்தால் நிலைமை வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 18ஆம் பிரிவில் பிறப்பிக்கப்படும் பாதுகாப்பு உத்தரவை மீறுவது தனிக் குற்றம். 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. மீறல் நடந்தது என்று முடிவுகட்ட அந்தப் பெண்ணின் சாட்சியம் ஒன்றே போதும் என்கிறது 32ஆம் பிரிவு.

ஒரே வாக்குறுதி, இரண்டு காகிதங்கள். ஒன்றுக்குப் பல் இல்லை, இன்னொன்றுக்கு இருக்கிறது. இந்தச் சட்டங்கள் தோற்றுப்போகும் இடங்களில் பெரும்பாலானவை சட்ட வாசகத்தில் இல்லை. முதல் சில நாட்களில் எந்தக் காகிதம் எழுதப்பட்டது, அதில் என்ன விடுபட்டது என்பதில் இருக்கின்றன. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடி யாரிடமாவது போனவர்கள் 14 சதவீதம்தான். அத்தனை தயக்கத்தையும் கடந்து வருகிறவரிடம் ஒரு ரசீதைக் கொடுத்து அனுப்புவது எவ்வளவு பெரிய வீணடிப்பு என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

யார், யார் மீது

2005ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடித்தவரைச் சிறைக்கு அனுப்புவது இதன் நேரடி நோக்கம் அல்ல. அடி நிற்க வேண்டும், அந்தப் பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்படக் கூடாது, செலவுக்குப் பணம் வேண்டும், குழந்தை கூட இருக்க வேண்டும்: இவற்றுக்கான உத்தரவுகளைத் தருவதற்காக எழுதப்பட்ட சட்டம் இது. அதனால்தான் ‘புருஷனை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை, ஆனால் இது நிற்க வேண்டும்’ என்று சொல்கிற பெண்ணுக்கு முதலில் காட்ட வேண்டிய கதவு இதுவே.

மனைவி மட்டுமே மனு போடலாம் என்பது பரவலான தவறான எண்ணம். தாய், சகோதரி, மகள், விதவை மருமகள், தத்தெடுக்கப்பட்ட பெண் என ரத்த உறவாலோ திருமணத்தாலோ தத்தாலோ கூட்டுக் குடும்பமாகவோ ஒரே வீட்டில் வாழ்ந்த எந்தப் பெண்ணும் போடலாம். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்கும் இடமுண்டு. ஆனால் அந்த வாழ்க்கை திருமணத்தின் தன்மையில் இருந்திருக்க வேண்டும் என்று கோயம்புத்தூரில் தொடங்கிய வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. இருவரும் திருமண வயதை எட்டி, சட்டப்படி மணம் செய்யத் தகுதியோடு, கணவன் மனைவியாக ஊரறிய ஒரே வீட்டில் கணிசமான காலம் வாழ்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே மனைவி உள்ள ஆணோடு வாழ்ந்த பெண் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார். அந்த உறவில் அதிகம் ஏமாற்றப்படுபவர் அவரே என்பதால் இந்த வரையறை கடுமையானது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது.

எதிர்மனுதாரர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இப்போது இல்லை. ‘வயதுவந்த ஆண்’ என்ற சொற்களை ஹிரால் ஹர்சோரா வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் மீதும் மனு நிற்கும். விவாகரத்து ஆகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் சரியல்ல. உறவு இருந்த காலத்தில் நடந்த வன்முறைக்கு அதற்குப் பிறகும் நிவாரணம் கேட்கலாம். ஓராண்டுக்குள் மனு போட வேண்டும் என்று சில நீதிமன்றங்கள் சொல்லிவந்ததையும், தமிழ்நாட்டிலிருந்து போன காமாட்சி எதிர் லட்சுமி நாராயணன் வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

வன்முறை என்றால் காயம் என்றே பலர் நினைக்கிறார்கள். 3ஆம் பிரிவு உடல், பாலியல், சொல்லாலும் மனத்தாலும் செய்வது, பொருளாதாரம் என நான்கையும் சொல்கிறது. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது, நகையை அடகு வைப்பது, வாடகையோ மளிகையோ கட்டாமல் விடுவது எல்லாம் பொருளாதார வன்முறை. ஆண் குழந்தை இல்லை என்று தினமும் குத்திக்காட்டுவது மன வன்முறை.

மனுவில் எது விடுபடுகிறது

உள்ளே நுழைய மூன்று வழிகள். மாவட்டத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். தமிழ்நாட்டில் இவர் சமூக நலத்துறையின் கீழ் வருவார், பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே இருப்பார். பதிவுபெற்ற சேவை நிறுவனம் வழியாகப் போகலாம். அல்லது நேராக நடுவர் நீதிமன்றத்தில் 12ஆம் பிரிவின் கீழ் மனு போடலாம். பெண்களுக்கான உதவி எண் 181இல் அழைத்தால் பாதுகாப்பு அலுவலருக்கோ ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ இணைப்பு தருவார்கள். அக்கம்பக்கத்தார்கூடப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்று 4ஆம் பிரிவே உறுதி தருகிறது.

பாதுகாப்பு அலுவலர் முதலில் எழுதுவது முதலாம் படிவத்தில் குடும்ப நிகழ்வு அறிக்கை, நீதிமன்றத்தில் டி.ஐ.ஆர். என்பார்கள். இது இல்லாமல் மனுவை எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது. பிரபா தியாகி வழக்கில் 2022 மே மாதமே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது: அறிக்கை வந்திருந்தால் நடுவர் அதைக் கருத்தில் கொள்ள வேண்டும், வராவிட்டால் அது தடையாகாது. நேரடி மனு போடும் வழக்கறிஞர் இந்தத் தீர்ப்பின் நகலைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

எந்த ஊர் நீதிமன்றம் என்ற கேள்விக்கு 27ஆம் பிரிவு பெருந்தன்மையான பதில் தருகிறது. அந்தப் பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் ஊர், வேலை பார்க்கும் ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர், வன்முறை நடந்த ஊர், எதிலும் போடலாம். திருநெல்வேலியில் அடிபட்டுச் சென்னையில் அக்கா வீட்டில் ஒதுங்கியிருப்பவர் சென்னையிலேயே போடலாம். கிடைக்கும் உத்தரவு நாடு முழுவதும் செல்லும்.

இரண்டாம் படிவ மனுவில் என்னென்ன நிவாரணம் வேண்டும் என்று தனித்தனியே கேட்க வேண்டும்: 18இல் பாதுகாப்பு, 19இல் வசிப்புரிமை, 20இல் பணம், 21இல் குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு, 22இல் மன உளைச்சலுக்கு இழப்பீடு. வெறும் ஜீவனாம்ச மனுபோல 20ஐ மட்டும் கேட்டு முடித்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஏன் பிழை என்றால், 31ஆம் பிரிவு தண்டிப்பது ‘பாதுகாப்பு உத்தரவு’ மீறலை. பணம் தரவில்லை என்றாலோ வீட்டுக்குள் விடவில்லை என்றாலோ 31 பொருந்துமா என்று நீதிமன்றத்தில் வாதம் நீளும். வசிப்புரிமை கேட்கும்போதே, வீட்டிலிருந்து வெளியேற்றுவதையும் பூட்டு மாற்றுவதையும் குடும்ப வன்முறைச் செயல்களாகப் பெயர் சொல்லி, 18இலும் தடை கேட்டுவிட்டால் அந்த வாதத்துக்கு இடம் குறையும். தொலைபேசி, வாட்ஸ்அப், உறவினர் மூலம் தூது, பணியிடத்துக்கு வருவது, குழந்தையின் பள்ளி வாசலில் நிற்பது, சேர்ந்திருக்கும் வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடுவது ஆகிய எல்லாவற்றையும் 18இல் தடுக்கலாம். கேட்டதுதான் கிடைக்கும்.

இதைவிட அதிகம் மறக்கப்படுவது மூன்றாம் படிவம். 23ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. அதற்கு அந்தப் படிவத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். அது இல்லாமல் மனு மட்டும் போனால், நோட்டீஸ் அனுப்பி வாய்தா போடுவதைத் தவிர நடுவருக்கு வேறு வழியில்லை. முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், முடிவு முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் என்று சட்டம் எழுதிவைத்திருப்பது நடைமுறையில் மாதங்களாகவும் ஆண்டுகளாகவும் இழுபடுகிறது. ஆகவே இடைக்கால உத்தரவையே உண்மையான உத்தரவாக எண்ணி முதல் நாளிலேயே அதற்கு உழைக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தில் ‘தினமும் கொடுமைப்படுத்தினார்’ என்று எழுதுவதால் பயனில்லை. கடைசியாக நடந்தது எந்த நாளில், எந்த அறையில், எதனால் அடித்தார், யார் பார்த்தார்கள், அன்று எந்த மருத்துவமனைக்குப் போனார், மறுநாள் என்ன மிரட்டல் வந்தது என்று மூன்று நான்கு நிகழ்வுகள் தேதியோடு போதும். சரியான தேதி நினைவில்லையா? ‘பொங்கலுக்கு முந்தைய வாரம்’ என்று எழுதலாம்; தேதியைக் கற்பனை செய்து எழுதினால் குறுக்கு விசாரணையில் மொத்தமும் ஆட்டம் காணும். வாட்ஸ்அப் செய்திகளைத் திரைப்பிடிப்பாக மட்டும் வைத்துக்கொண்டு போனை மாற்றிவிட வேண்டாம். மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. மூலக் கருவி கையில் இருந்தால் சிக்கல் குறைவு.

நோட்டீஸ் சார்வு ஆகாமல், அதாவது எதிர்மனுதாரர் கையில் போய்ச் சேராமல் இருப்பதே தாமதத்தின் பெரிய காரணம். பாதுகாப்பு அலுவலர் இரண்டு நாளில் சார்வு செய்ய வேண்டும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று திரும்பி வரும். மனுவிலேயே வீட்டு முகவரியோடு எதிர்மனுதாரர் வேலை செய்யும் இடத்தின் முகவரியையும் கொடுத்துவிட்டால் அங்கே சார்வு செய்ய விதிகள் அனுமதிக்கின்றன. பாதுகாப்பு அலுவலர்களின் எண்ணிக்கையும் ஒரு குறை. போதிய அலுவலர்களை நியமிக்கும்படி 2025 மே மாதத்தில்கூட உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்து அப்போது 19 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வீடும் பணமும்

‘இது என் அப்பா கட்டிய வீடு, உனக்கு என்ன உரிமை’ என்பது நீதிமன்றத்துக்கு வெளியே எல்லாச் சண்டையிலும் எழும் வாக்கியம். 2006இல் தருணா பத்ரா வழக்கின் தீர்ப்பு அந்த வாக்கியத்துக்குச் சாதகமாக இருந்தது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், அங்கே அந்தப் பெண் குடும்பமாக நிலைத்து வாழ்ந்திருந்தால் அது ‘பகிர்ந்து வாழும் இல்லம்’தான். இதனால் அவருக்கு வீட்டில் பங்கு கிடைப்பதில்லை; சட்டப்படியான நடைமுறை இல்லாமல் வெளியே தள்ள முடியாது, அவ்வளவே. முதிய பெற்றோரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோடும். அதே சமயம், மூத்த குடிமக்கள் சட்டத்தைக் குறுக்குவழியாக வைத்து மருமகளை வெளியேற்ற முடியாது என்று 2020 டிசம்பரில் வனிதா வழக்கில் தீர்ப்பு வந்தது.

19ஆம் பிரிவில் எதிர்மனுதாரரையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். ஆனால் பெண்கள் மீது அந்த உத்தரவு போட முடியாது. மாமியாரை வெளியேற்றக் கேட்டு மனுவைப் பலவீனமாக்கிக்கொள்ள வேண்டாம். அந்த வீட்டில் தங்குவதே ஆபத்து என்றால் அதே தரத்தில் மாற்று வீடு அல்லது வாடகை கேட்கலாம். காவல் நிலையம் பாதுகாப்பு தர வேண்டும் என்ற வரியும், சீதனத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரியும் இதே பிரிவில் கேட்கக் கிடைப்பவை. நகையின் பட்டியலை எடையோடும் திருமணப் புகைப்படத்தோடும் கடை ரசீதோடும் இணைத்தால் மீட்பு எளிது. ‘ஐம்பது பவுன் போட்டோம்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் மீட்க முடியாது.

பண விஷயத்தில் 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பை அறியாமல் மனு போடக் கூடாது. இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரத்தைக் குறிப்பிட்ட வடிவில் தாக்கல் செய்ய வேண்டும்; ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும்; ஒரு நீதிமன்றத்தில் ஏற்கெனவே கிடைப்பதை இன்னொன்றில் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது கழித்துக்கொள்ளப்படும். கணவர் மாதச் சம்பளக்காரர் என்றால், முதலாளியே நேராகப் பணத்தை அனுப்பும்படி 20(6)இல் உத்தரவு கேட்பது புத்திசாலித்தனம். பணம் வராவிட்டால் வசூல் மனு போட வேண்டும். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போடாவிட்டால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144(3) வழியாக வாரண்ட் கேட்கும் உரிமை அந்தப் பாக்கிக்குப் போய்விடும். பேச்சுவார்த்தை நடக்கிறது என்று இரண்டு வருடம் காத்திருந்து முதல் வருடத் தொகையை இழப்பவர்கள் பலர்.

உத்தரவு கிடைத்ததும் நகல் இலவசம். காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. போயிற்றா என்று நேரில் சரிபார்த்து, கொடுத்த தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். மீறல் நடந்த இரவில் 112ஐ அழைக்கும்போது ‘வீட்டில் சண்டை’ என்று சொன்னால் சமாதானம் பேச ஆள் வருவார்கள். ‘நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது, அதை மீறி வந்திருக்கிறார்’ என்று எண்ணோடு சொன்னால் அது கைது செய்யத்தக்க குற்றத் தகவல்.

தண்டனைப் பாதை

2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். பழைய 498ஏ இப்போது 85ஆம் பிரிவு. கணவனோ அவன் உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும். வரதட்சிணை மரணம் 80ஆம் பிரிவு. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு மனுவும் 85இல் புகாரும் ஒரே நேரத்தில் நடக்கலாம். ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. காலவரம்பில் மட்டும் வேறுபாடு உண்டு: 85க்கு மூன்றாண்டு வரம்பு இருக்கிறது. தாய்வீட்டில் ஒதுங்கியிருக்கும் பெண் அங்கிருந்தே இந்தப் புகாரைக் கொடுக்கலாம் என்பது 2019இல் ரூபாலி தேவி வழக்கில் உறுதியானது.

புகார் கொடுத்த உடனே கைது என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அர்னேஷ் குமார் வழக்கில் 2014இலேயே இயந்திரத்தனமான கைது கூடாது என்று சொல்லப்பட்டுவிட்டது. முதலில் நோட்டீஸ்தான் போகும். ஆத்திரத்தில் கணவனின் அண்ணன், அண்ணி, சித்தப்பா, வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் வரை எல்லாரையும் சேர்ப்பதும் திருப்பி அடிக்கும். யார், எப்போது, என்ன செய்தார் என்ற குறிப்பு இல்லாத பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டுகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்கின்றன. ரத்தாகும்போது உண்மையான குற்றவாளி மீதான வழக்கின் நம்பகமும் சேர்த்துத் தேய்கிறது.

பாலியல் வன்முறை: முதல் ஒரு நாள்

இங்கே நேரம்தான் சான்று. காவல் நிலையத்துக்குப் போன பிறகே மருத்துவமனை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவின்படி அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்; மறுத்தால் ஓராண்டு வரை சிறை. காவல் துறைக்குத் தகவல் சொல்வது மருத்துவமனையின் வேலை.

குளிக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் போக வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலின்படி 96 மணி நேரம் வரை மாதிரிகள் எடுக்கலாம். அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மரபணுத் தடயத்தைக் கெடுத்துவிடும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை மாத்திரையும் விரைவாக. பரிசோதனைக்குச் சம்மதம் அவருடையது. சான்றெடுக்க மறுத்து, சிகிச்சை மட்டும் கேட்டாலும் தர வேண்டும். பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனைக்கு எந்த அறிவியல் அடிப்படையும் இல்லை. அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றம் செய்தவராவார் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

முதல் தகவல் அறிக்கையை எந்தக் காவல் நிலையத்திலும் பதியலாம். எல்லை வேறு என்று அனுப்பக் கூடாது; ஜீரோ எண்ணில் பதிந்து மாற்றிவிட வேண்டும். பெண் அதிகாரி வாக்குமூலம் எழுத வேண்டும். மாற்றுத்திறனாளி என்றால் அவர் வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, சைகை மொழி பெயர்ப்பாளரோ சிறப்புக் கல்வியாளரோ உடனிருக்க, வீடியோ பதிவோடு நடக்க வேண்டும். வன்புணர்வுப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரிக்கு நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதக் கடுங்காவல் உண்டு. இந்தப் பிரிவின் எண்ணைச் சொன்னாலே பல நேரங்களில் பேனா நகர ஆரம்பிக்கும். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, ஏழு நாளுக்குள் அதன் அறிக்கை, இரண்டு மாதத்தில் புலனாய்வு முடிவு, 90 நாளுக்குள் புலனாய்வின் நிலையைப் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்வது: இவை சட்டம் வைத்திருக்கும் கெடுக்கள். நடுவர் முன்பு நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 183ஆம் பிரிவில் தரும் வாக்குமூலமே பின்னால் விசாரணையின் முதுகெலும்பு ஆகிறது. காவல் நிலையத்தில் அவசரத்தில் விடுபட்டதை அங்கே சொல்லலாம். நடுவர் அறையில் காவலர் நிற்கக் கூடாது. நின்றால் வெளியே அனுப்பும்படி கேட்கலாம்.

உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. முந்தைய பாலியல் அனுபவம் பற்றிய சான்று சம்மத விவாதத்தில் செல்லாது. விசாரணை மூடிய அறையில் நடக்கும். பெயரையோ அடையாளத்தையோ வெளியிட்டால் 72ஆம் பிரிவில் இரண்டாண்டு வரை சிறை. ஆனாலும் கசிவு நடக்கிறது. 2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியானபோது, அவருக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். பையன்களுக்கும் பொருந்தும். நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ‘வீட்டு மானம்’ என்று மறைப்பதே குற்றம். சீருடை அணியாத அதிகாரி குழந்தையின் வீட்டிலோ குழந்தை விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் எடுக்க வேண்டும்; நீதிமன்றத்தில் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் போகும்.

சட்டத்தில் பெரிய ஓட்டை ஒன்று அப்படியே இருக்கிறது. 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவன் செய்வது 63ஆம் பிரிவில் வன்புணர்வு ஆகாது. பிரிந்து வாழும்போது செய்தால் மட்டும் 67ஆம் பிரிவில் இரண்டு முதல் ஏழாண்டு. டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 மே 11 அன்று இந்த விலக்கு குறித்து மாறுபட்ட தீர்ப்புகள் தந்தார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் கருக்கலைப்புச் சட்டத்தின் தேவைக்கு மட்டும் கணவன் செய்யும் வன்புணர்வும் வன்புணர்வே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரே செயல், ஒரு சட்டத்துக்கு வன்புணர்வு, இன்னொன்றுக்கு இல்லை. இப்போதைக்கு மனைவிக்குக் கையில் இருப்பவை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் ‘பாலியல் வன்முறை’, 85ஆம் பிரிவு, காயம் விளைவித்தல் ஆகியவை. மனுவில் கூச்சம் காரணமாக ‘உடல்ரீதியாகத் துன்புறுத்தினார்’ என்று மழுப்பி எழுதப்படுவதால் அந்தச் சொல்லும் வீணாகிறது. எழுத வேண்டியதை எழுதி, விசாரணையை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் மூடிய அறையில் நடத்தக் கேட்கலாம்.

ஜாமீனும் இழப்பீடும்

ஜாமீன் மனு விசாரணைக்கு வரும் நாள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாமலே போய்விடுவதுண்டு. எந்த நிலையிலும் பேச அவருக்கு உரிமை உண்டு என்று 2022இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு வழக்கறிஞரிடம் கைபேசி எண்ணைக் கொடுத்து வைப்பது சிறிய வேலை, பெரிய பயன். சமரசம் செய், ராக்கி கட்டு, கல்யாணம் செய்துகொள் போன்ற ஜாமீன் நிபந்தனைகளை 2021 மார்ச்சில் அபர்ணா பட் வழக்கு தடைசெய்துவிட்டது. நெருங்கக் கூடாது, தொடர்பு கொள்ளக் கூடாது என்பதைத்தான் நிபந்தனையாகக் கேட்க வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்பது தடையாக வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணிலோ மாவட்ட நீதிமன்ற வளாகத்திலோ கேட்கலாம். இழப்பீட்டு மனுவும் அங்கேதான். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 2018 திட்டப்படி வன்புணர்வுக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்புணர்வுக்கு 5 முதல் 10 லட்சம், அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் ரூபாய். குற்றவாளி அகப்படாவிட்டாலும், வழக்கு முடியாவிட்டாலும் கேட்கலாம். இடைக்காலத் தொகையை உடனே கேட்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவ அறிக்கை, அவருடைய பெயரில் மட்டும் உள்ள வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். கூட்டுக் கணக்கைக் கொடுத்து, அந்தப் பணமும் வீட்டாரிடம் போய்ச் சேர்வது நடக்கக்கூடியதுதான்.

தீர்ப்பு நாளில் தண்டனையோடு கோப்பு மூடப்பட்டு, இழப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவது வழக்கமாக இருந்தது. உடல் காயம் சார்ந்த குற்றங்களில், குறிப்பாகப் பெண்களும் சிறாரும் பாதிக்கப்பட்ட வழக்குகளில், அமர்வு நீதிமன்றங்களே இழப்பீட்டுக்கு உத்தரவிட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பணித்தது. நீதிபதி அதைத் தொடாமல் விட்டால், தீர்ப்பு வாசித்து முடிந்த அதே வேளையில் அரசு வழக்கறிஞரோ பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞரோ எழுந்து, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இழப்பீடு பற்றிய 396ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டலாம்.